பதினோராவது எவொல்யூஷன் வருமா?

திருத்தணியில் வாழும் எங்களுக்குக் கார்களைக் காண்பதில் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியே போகிறது. ஆடிக் கிருத்திகைக்கும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் வரிசை வரிசையாக வரும் வண்டிகளைத் தூரத்தில் கண்டே, இது இன்ன கம்பெனி, இது பழைய மாடல், இது புதிய மாடல் என்று சொல்லிவிடும் சிறுவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் ஒரு கார் ஏன் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் பிறவி எடுக்கிறது, பிறகு ஏன் ஒருநாள் பிறவியே எடுக்காமல் நின்றுபோகிறது என்று கேட்டால் அவர்கள் விழிப்பார்கள். அதையே இக்கட்டுரையில் ஆராய முற்பட்டுள்ளோம்.

பெண்பிள்ளைகளுக்குக் கார் ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைக்கலாம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் அடுத்துள்ள காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கார்த் தொழிற்சாலைகளும் அவற்றிற்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனிகளும் நிறைந்துள்ளன. படிப்பு முடிந்ததும் எங்களுள் பலர் அங்கேதான் வேலை தேடப் போகிறோம். ஒரு கார் தொடருமா நிற்குமா என்பது அப்போது எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிய கேள்வியாகிவிடும். ஆகவே நகைப்பவர்கள் நகைக்கட்டும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட கார் ஜப்பான் நாட்டு மிட்சுபிஷி நிறுவனத்தின் ‘லான்சர் எவொல்யூஷன்’ ஆகும். இது பந்தயத்திற்கென்றே பிறந்த கார். 1992 முதல் 2016 வரை பத்து எண்களில் வெளிவந்தது. பதினோராவது வருமா என்று உலகெங்கும் உள்ள கார்ப் பிரியர்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகிறார்கள். ஜப்பான் காருக்கும் திருத்தணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இந்தப் பந்தயக் காரின் உடன்பிறப்பான ‘லான்சர்’ என்னும் குடும்பக் கார், இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் திருவள்ளூர் அருகே, இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் செய்யப்பட்டது. லான்சர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈட்டி ஏந்திய குதிரை வீரன் என்பது பொருள். வேலாயுதன் மலைக்குப் பக்கத்தில் பொருத்தமான பெயர்தான் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம்.

முதலில் ‘தலைமுறை’ என்றால் என்னவென்று தெரிந்துகொள்வோம். மத்தேயு நற்செய்தி ஆபிரகாமில் தொடங்கி மூன்று பதினான்கு தலைமுறைகளாக எண்ணிக்கொண்டு வருவதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அங்கே தந்தை, மகன் என்று கணக்குத் தெளிவு. கார்களில் அப்படியில்லை. முகப்பு விளக்கை மாற்றுவதும் வண்ணத்தை மாற்றுவதும் தலைமுறை ஆகாது. அடிச்சட்டமும் உடற்கூடும் புதிதாக வரையப்பட்டு, அதற்கு அச்சுக்களும் புதிதாகச் செய்யப்பட்டால்தான் அது அடுத்த தலைமுறை. நம் நாட்டு அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறிற்றே தவிர ஆள் மாறவில்லை. 1957-ல் கண்ட அதே தொப்பைக்காரரைத்தான் 2014 வரை கண்டோம்.

இந்த அளவுகோலை வைத்து எவொல்யூஷனை அளந்தபோது எங்களுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. எண்ணிக்கையில் பத்தே தவிர, உடலால் நான்குதான்! 1, 2, 3 ஆகிய மூன்றும் ஒரே லான்சர் உடலின் மேல் கட்டப்பட்டவை. 4, 5, 6 அடுத்த லான்சரின் மேல். 7, 8, 9 ‘லான்சர் செடியா’வின் மேல். பத்தாவது, 2007-ல் வந்த லான்சரின் மேல். இவற்றுள் இரண்டாம் வரிசைக்கு அடிப்படையான லான்சரும் மூன்றாம் வரிசைக்கு அடிப்படையான செடியாவும் எங்கள் மாவட்டத்தில் செய்யப்பட்டவை. செடியா 2006-ல் இங்கு வந்தது. அப்படியானால் எவொல்யூஷன் 4 முதல் 9 வரை உலகப் பந்தயங்களில் சீறிப் பாய்ந்தபோது, அவற்றின் அண்ணன்மார் எங்கள் நெடுஞ்சாலையில் குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

இரண்டிற்கும் வேற்றுமை எவ்வளவு? திருவள்ளூர் லான்சரில் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோ 2 லிட்டர் டீசல் எஞ்சினோ இருந்தது. நூறு குதிரைத் திறனைக்கூட அவை எட்டவில்லை. அதே உடலைக் கொண்ட எவொல்யூஷன் 4-ன் எஞ்சினும் 2 லிட்டர்தான். ஆனால் அதன் திறன் 280. ஒரு குதிரைத் திறன் ஏறக்குறைய முக்கால் கிலோவாட் என்று அறிவியல் பாடத்தில் படித்துள்ளோம். பெருக்கிப் பார்த்தால் 2 லட்சம் வாட்டுக்கு மேல் வருகிறது. 100 வாட் குண்டு பல்புகள் 2,000 எரியும் ஆற்றல் ஒரு காரின் மூக்கிற்குள் அடங்கியிருக்கிறது!

அதே கொள்ளளவில் இவ்வளவு திறன் எப்படி வந்தது? ‘டர்போ’ என்னும் கருவியால் வந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சக்கரத்தோடு ஒரே அச்சில் பிணைந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது போலத்தான். இங்கே உலையின் புகையே துருத்தியை ஊதுகிறது.

ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது, அது தரையைப் பற்ற வேண்டும். சாதாரண லான்சரில் முன் சக்கரங்கள் இரண்டு மட்டுமே இழுக்கும். எவொல்யூஷனில் நான்கு சக்கரங்களும் வேலை செய்யும். திருவிழாவில் சப்பரத்தை முன்னால் இருவர் மட்டும் சுமந்தால் என்னாகும்? நான்கு மூலையிலும் தோள் கொடுத்தால்தான் சேற்றிலும் வழுக்காமல் நகரும். 1996-ல் வந்த நான்காம் எவொல்யூஷனில் இன்னொரு நுட்பம் சேர்ந்தது. வளைவில் திரும்பும்போது பின் சக்கரங்கள் இரண்டிற்கும் சமமாகப் பங்கிடாமல் ஒன்றுக்குக் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் விசையைக் கொடுக்கும் அமைப்பு அது. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வீதி முனையில் தேரைத் திருப்ப ஒரு பக்கச் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்; அந்தப் பக்கம் தயங்க, மறு பக்கம் முந்த, தேர் திரும்புகிறது. நம் ஊர்களில் மரக்கட்டையால் செய்வதை ஜப்பானியர் பல்சக்கரத்தாலும் கணிப்பொறியாலும் செய்தனர்.

இனி, இப்படியொரு காரை ஏன் செய்தார்கள் என்று பார்ப்போம். ஆசையினால் அல்ல, ஒரு சட்டத்தினால்! ‘ராலி’ எனப்படும் கார்ப் பந்தயம் காடு, மலை, மண்சாலை, பனிச்சாலை எங்கும் நடப்பது. ஒரு காலத்தில் அதன் மேல்நிலைப் பிரிவில் ஓட வேண்டுமானால், அக்காரைப் பொதுமக்கள் கடையில் வாங்கும்படியும் செய்து விற்றிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில். பந்தயத்திற்காக நான்கு மட்டும் செய்து கொண்டுவந்து நிறுத்த முடியாது. எனவே மிட்சுபிஷி தன் பெரிய காராகிய காலண்ட்டில் இருந்த டர்போ எஞ்சினையும் நான்கு சக்கர இழுவையையும் சிறிய லான்சருக்குள் பொருத்தி, 1992-ல் விற்பனைக்கு விட்டது. சட்டம் கேட்டதால் பிறந்த பிள்ளை அது.

பிள்ளை பேர் சொல்லும் பிள்ளையாக வளர்ந்தது. பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் இக்காரில் 1996, 1997, 1998, 1999 ஆகிய நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து உலக ராலிப் பட்டம் வென்றார். 1998-ல் நிறுவனங்களுக்கான பட்டமும் மிட்சுபிஷிக்கே கிடைத்தது. இதற்கெல்லாம் முன்னரே லான்சர் என்ற பெயருக்குப் புகழ் தேடித் தந்தவர் நம்மவர் ஒருவர் என்பதை இங்கே சொல்லாமல் விட எங்களுக்கு மனமில்லை. கென்யா நாட்டில் பிறந்த சீக்கியரான ஜோகிந்தர் சிங், ஆப்பிரிக்காவின் கடுமையான சஃபாரி ராலியில் 1974-லும் 1976-லும் லான்சர் ஓட்டி முதலாவதாக வந்தார். இங்கேயும் செடியா கார்கள் இந்திய ராலிப் பந்தயங்களில் பல ஆண்டுகள் ஓடின.

இவ்வளவு புகழ் பெற்ற கார் ஏன் நின்றது? நாங்கள் படித்தவரையில் ஒரே நாளில் நிற்கவில்லை. அதைத் தாங்கிய தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

முதலில் சரிந்தது சட்டம். 1997-ல் ராலி விதிகள் மாறின. விற்பனைக் காரைப் பந்தயத்திற்கெனப் பெரிதும் மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதே மாதிரியை ஆயிரக்கணக்கில் செய்து கடையில் விற்க வேண்டிய கட்டாயம் போயிற்று. மிட்சுபிஷி சில ஆண்டுகள் பழைய விதிப்படியே ஓடிப் பார்த்தது. 2001-ல் அதுவும் புது விதிக்கு மாறியது. 2005-ஆம் ஆண்டோடு உலக ராலியிலிருந்தே விலகியது. ஆக, 2007-ல் பத்தாவது எவொல்யூஷன் பிறந்தபோது அது பிறக்க வேண்டும் என்று கேட்ட மேல்நிலைப் பந்தயம் எதுவும் இல்லை. பேருக்காகவும் பழைய பாசத்திற்காகவும் பிறந்தது. உடலும் பருத்திருந்தது: முதலாவது சுமார் 1,240 கிலோ, பத்தாவது 1,500 கிலோவுக்கு மேல்.

அடுத்தது பணம். மிட்சுபிஷி தன் கார்களிலிருந்த குறைகளை வெளியிடாமல் மறைத்து வந்த செய்தி 2000-ல் அம்பலமாகி, வாங்குவோரின் நம்பிக்கை போயிற்று. பத்தாவது வெளிவந்த மறு ஆண்டே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. பிறகு 2016 ஏப்ரலில், எரிபொருள் சிக்கனச் சோதனைக் கணக்குகளைத் திரித்துக் காட்டியதாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் நிஸான் நிறுவனம் அதன் 34 சதவீதப் பங்குகளை வாங்கிற்று. கடன்பட்ட வீட்டில் முதலில் நிற்பது பட்டுப்புடவைதான். அதற்காகக் காரின் பிரியர்கள் நிறுவனத்தைத் திட்டுவதை எங்களால் முழுவதும் ஏற்க முடியவில்லை. ஆனால் கணக்கைத் திரித்தவர்கள் மேல் எங்களுக்கும் கோபம் உண்டு. தேர்வில் பிட் அடித்தால் பிடிபட்டவரோடு போயிற்று. இங்கே தொழிற்சாலையில் நேர்மையாகத் திருகு முடுக்கியவர்களின் வேலைக்கும் ஆபத்து வந்தது.

மூன்றாவது தூணைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது சாதாரண லான்சர். எவொல்யூஷனுக்கென்று தனி உடல் கிடையாது என்று மேலே கண்டோம். ஒரு புதிய உடற்கூட்டை வரைந்து, அச்சுச் செய்து, மோதிப் பார்த்துச் சோதிக்க ஆகும் பெருஞ்செலவைப் பல லட்சம் குடும்பக் கார்கள் பகிர்ந்துகொண்டன. எவொல்யூஷன் அதன் மேல் ஏறி அமர்ந்துகொண்டது. மக்கள் தாழ்வான நாலு கதவுக் கார்களை விட்டு உயரமான கார்களை வாங்கத் தொடங்கியதும் லான்சரின் விற்பனை தேய்ந்தது. 2017-ல் உலகின் பெரும்பாலான நாடுகளில் அது நின்றது. புதிய லான்சர் இல்லை. எனவே புதிய எவொல்யூஷன் ஏறி அமர இடமில்லை. வெற்றிலைக்கொடி எவ்வளவு செழிப்பானதாயினும் அகத்தி மரத்தை வெட்டினால் எதன்மேல் படரும்?

ஜப்பானில் கடைசி எவொல்யூஷன் 2015-ல் 1,000 கார்கள் மட்டும் என்று எண்ணி விற்கப்பட்டது. அதன் திறன் 313 குதிரைத் திறன். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

இனி எங்கள் வகுப்பில் எழுந்த விவாதத்திற்கு வருவோம். எவொல்யூஷன் மறுபடி வரும் என்பவர்கள் டொயோட்டாவைக் காட்டினார்கள். டொயோட்டா 2020-ல் ‘ஜி.ஆர். யாரிஸ்’ என்னும் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட சிறிய காரை வெளியிட்டது. அதை உருவாக்குவதில் டொயோட்டாவின் ராலிக் குழுவை அப்போது நடத்தி வந்த மாக்கினெனுக்கும் பங்கு உண்டு! ஆகவே இவ்வகைக் கார்களுக்குக் காலம் போய்விடவில்லை என்பது அவர்கள் வாதம். நல்ல வாதந்தான். ஆனால் டொயோட்டா உலக ராலியில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் பணமும் இருந்தது. சாதாரண யாரிஸும் ஏராளமாக விற்றது. எவொல்யூஷனுக்குச் சரிந்த மூன்று தூண்களும் அங்கே நின்றுகொண்டிருந்தன.

வராது என்பவர்கள் சுபாருவைக் காட்டினார்கள். எவொல்யூஷனின் பரம வைரியான இம்ப்ரெஸாவின் வழிவந்தது ‘டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ.’ இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவை. அந்த எஸ்.டி.ஐ.யையும் பெட்ரோல் எஞ்சினோடு அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவதில்லை என்று 2022 மார்ச்சில் சுபாரு அறிவித்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகி வருவதே காரணம். இத்தனைக்கும் சுபாருவிடம் ஏறி அமரப் புதிய உடல் தயாராக இருந்தது.

இவ்விரண்டிற்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. காரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது. மிட்சுபிஷி இதைச் செய்தும் இருக்கிறது. ‘எக்லிப்ஸ்’ என்பது அதன் பழைய இரு கதவு ஸ்போர்ட்ஸ் கார். 2017-ல் ‘எக்லிப்ஸ் கிராஸ்’ என்ற பெயரில் வந்ததோ உயரமான குடும்ப வண்டி. அதே ஆண்டு டோக்கியோ கண்காட்சியில் மூன்று மின்மோட்டார்கள் கொண்ட ‘இ-எவொல்யூஷன்’ என்ற மாதிரி வண்டியை வைத்தார்கள். அதுவும் உயரமானதே. அதன் பந்தயப் பிரிவின் பெயராகிய ‘ராலிஆர்ட்’ 2021-ல் மீண்டும் உயிர் பெற்றது. மறு ஆண்டு ஆசிய நாடுகளின் நெடுந்தூர ராலியில் வெற்றியும் கண்டது. ஓடியது காரன்று, ‘டிரைட்டன்’ என்னும் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி!

பெயருக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு எங்கள் மாவட்டக் கதையையே சொல்லலாம். திருவள்ளூரில் லான்சரும் செடியாவும் நின்றன. 2014-ல் மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாசடரும் நின்றது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்த ‘அம்பாசடர்’ என்ற பெயரை மட்டும் 2017-ல் பிரான்சு நாட்டுப் பெஜோ நிறுவனத்திற்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. ஒரு சக்கரம்கூட இல்லை, வெறும் எழுத்துக்கள்! இதற்கிடையே திருவள்ளூர் ஆலையில் சில காலம் இசுசு நிறுவனத்தின் வண்டிகள் ஒப்பந்த முறையில் செய்யப்பட்டன. இசுசு 2016-ல் எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. பெயரை வாங்கிய பிரெஞ்சுக் குழுமம் 2021-ல் இந்தியாவில் வெளியிட்ட முதல் காருக்கு அம்பாசடர் என்று பெயரிடவில்லை. சித்ரோன் சி5 ஏர்கிராஸ் என்று பெயரிட்டது. அந்தக் கார் பொருத்தப்பட்டது திருவள்ளூரில்தான்.

இதிலிருந்து நாங்கள் கண்டது, பெயரும் காரும் தொழிற்சாலையும் தனித்தனி ஆயுள் கொண்டவை என்பதே. லான்சர் போனபின்னும் திருவள்ளூரில் கார் செய்வது நின்றுவிடவில்லை. கார் செய்யத் தெரிந்த கைகளும் உதிரிப் பாகக் கம்பெனிகளும் சென்னைத் துறைமுகமும் பக்கத்தில் இருந்ததால், ஒருவர் போனாலும் வேறொருவர் வந்தார். உத்தரபாராவுக்கு அந்த நல்வாய்ப்புக் கிட்டவில்லை. வேலைக்குப் போகும் எங்களைப் போன்றவர்கள் ஒரு காரின் பெயரை நம்புவதைவிட, எந்தக் காரானாலும் செய்யக்கூடிய கைத்திறனை நம்புவது மேல் என்று வராது கட்சியினர் சொன்னதற்கு இரு கட்சியினரும் கைதட்டினார்கள்.

எங்கள் தீர்ப்பு இதுதான். பெட்ரோல் எஞ்சினும் டர்போவும் நாலு கதவும் கொண்ட பதினோராவது எவொல்யூஷன் வராது. எவொல்யூஷன் என்ற பெயர் மின்சாரத்தால் ஓடும் உயரமான வண்டி ஒன்றின் முதுகில் ஒட்டப்பட்டு வரக்கூடும். அப்படி வந்தால் பழைய பிரியர்கள் அதை வாரிசாக ஏற்கமாட்டார்கள். ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே விசையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அந்த முட்டுக்கட்டை நுட்பம் மின்மோட்டார்களில் இன்னும் எளிது. அந்த நுட்பம் தொடர்ந்தால் பாதி வாரிசு என்றாவது ஏற்கலாம் என்பது எங்கள் எண்ணம். முழு வாரிசையே எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள், பந்தயச் செய்திகளைத் தேடிப் படிப்பதை விட்டு, மிட்சுபிஷி லான்சர் போன்ற சாதாரண நாலு கதவுக் கார் ஒன்றைப் புதிதாக வரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்.